பிறந்ததும் தொடையில் போடும் ஊசி



பிள்ளை பிறந்த உடனே போடும் 'கே' ஊசி தேவைதானா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளைக் கேட்டுப் பயந்துபோய்க் கேட்கிறார்கள். நாங்கள் வைத்தியர்கள் இல்லை, பாடம் படிப்பிக்கிறவர்கள். அதனால் இதன் வரலாற்றைச் சொல்கிறோம்.

முதலில் ஒன்று. இது தடுப்பூசி அல்ல. கையில் போடுவது காசநோய்க்கான பிசிஜி. தொடையில் போடுவது விட்டமின் கே, நிறைமாதப் பிள்ளைக்கு 1 மில்லிகிராம்.

மலையகத் தோட்டங்களுக்கு வைத்திய வசதி வேண்டும் என்று 1872இலேயே சட்டம் வந்தது. ஆனாலும் பல தலைமுறைகளுக்குப் பிரசவம் லயத்துக் காம்பராவில்தான். மருத்துவச்சிப் பாட்டியும் சுடுதண்ணியும்தான் துணை. மூன்றாம் நாள் தொப்புளில் ரத்தம் நிற்காமல் கசிந்து ஒரு பிள்ளை போய்விட்டால் பெயர் வைக்கவும் அவகாசம் இருக்காது. அந்தக் காலப் பதிவேடுகளில் சிசு மரணத்துக்கு வழக்கமாக எழுதிய காரணங்களில் ஒன்று 'பலவீனம்'. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நோய்கள் ஒளிந்திருந்தனவோ!

அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்திலும் இதே துக்கம் இருந்தது. 1894இல் டவுன்சென்ட் என்ற வைத்தியர், இப்படி ரத்தம் கசிந்த 50 பிள்ளைகளைப் பற்றி எழுதி இதைத் தனி நோயாகக் காட்டினார். காரணம் மட்டும் பிடிபடவில்லை. பிடிபட்டது கோழிக்குஞ்சுகளால்! 1929 அளவில் கொப்பன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கிய தீனியைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது. தீனியில் இல்லாமல்போன அந்தப் பொருளுக்கு 1935இல் அவர் வைத்த பெயர்தான் விட்டமின் கே. ரத்தம் உறைவதைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து அது. அதை வேதியியல் ரீதியாகப் பிரித்தெடுத்த அமெரிக்கரான டொய்சியோடு 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் நுவரெலியா கோவாவில் விட்டமின் கே நிறைய உண்டு. தேயிலைக் கொழுந்திலும் உண்டு. ஆனால் அது கொழுப்பில்தான் கரையும், பிளேன்டீயில் இறங்காது. தாய் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் நச்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போவது சொற்பம், தாய்ப்பாலிலும் குறைவு. தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த இது காரணமல்ல. ஊசி போட வேண்டியதற்குத்தான் காரணம்.

குரல் பதிவுகளில் வரும் 'புற்றுநோய்' கதைக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. 1992இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வொன்று இந்த ஊசிக்கும் பிள்ளைகளின் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. பல நாடுகள் பயந்து ஊசியை விட்டு வாய்வழி மருந்துக்கு மாறின. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. ஆனால் வாய்வழி மருந்து முழுமையாகக் கிடைக்காத பிள்ளைகளிடம் பிந்திய ரத்தக்கசிவு தலைகாட்டியது. ஆய்வு மறுக்கப்பட்டு இத்தனை வருடமாகியும் வதந்தி மட்டும் ஓயவில்லை.

அந்தப் பிந்திய கசிவுதான் பெரும் ஆபத்து. இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை, சில வேளை அதற்குப் பிறகும் வரும். தாய்க்கு நாற்பது கழியும் காலம், பிள்ளை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும். முன்னறிவிப்பே இல்லாமல் மூளைக்குள் ரத்தம் கசியும்.

இன்று நம் தாய்மார் டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளில் பிள்ளை பெறுகிறார்கள். ஆனாலும் மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் லொறியிலோ ஓட்டோவிலோ பிள்ளை பிறந்துவிடுவதுண்டு. அப்படியானால் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். தாயையும் பிள்ளையையும் வாட்டுக்குக் கொண்டுபோங்கள். "மிஸ், கே ஊசி போட்டாச்சா?" என்று தாதியிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.