சிவனொளிபாதமலை

வலப்பனைப் பகுதியார்க்கு அண்மையில் நிற்பது பிதுருதலாகலை. இலங்கை மலைகளுள் உயர்ந்தது அதுவே. உயரம் 2,524 மீட்டர். சிவனொளிபாதமலை 2,243 மீட்டரே. எனினும் உலகப் புகழ் எய்தியது பின்னதாம். காரணம் நிலவமைப்பில் உளது. முன்னது உயர்ந்த மேட்டுநிலத்திடையே எழுவதால் அதன் ஏற்றம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மற்றையதோ மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பிற் கூம்பாகத் தனித்து நிற்பது. மேலைக்கடல் மாலுமியர்க்கு வழிகாட்டியாயிற்று. 1344இல் இம்மலை ஏறிய மொரோக்கோ நாட்டு இபுனு பதூதா, ஒன்பது நாட் கடற்பயணத் தொலைவிலேயே அதனைப் புகைத்தூண்போற் கண்டதாக எழுதினார். இது மிகையே.

உச்சிப்பாறையிலுள்ள அடிச்சுவட்டினைப் பௌத்தர் புத்தருடையதென்பர், சைவர் சிவபெருமானுடையதென்பர், இசுலாமியர் ஆதாமுடையதென்பர், கிறித்தவருட் சிலர் தோமையாருடையதென்பர்.

பெயரிலும் ஒரு நுட்பமுண்டு. மணிமேகலை இம்மலையைச் சமந்தம் என்றும் சமனொளி என்றும் வழங்கும்; அங்கே திருவடி புத்தருடையது. சிங்களத்துச் சமனல என்பதும் இதனோடு ஒத்த சொல். எனவே சமனொளியே சைவர் நாவிற் சிவனொளி ஆயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். சைவ அன்பர் இதற்கு வருந்த வேண்டியதில்லை. சொல்லின் வரலாறு வேறு, வழிபாட்டின் உரிமை வேறு.

அவ்வுரிமையோ கைமாறிக்கொண்டே வந்தது. சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் (1581–1593) சைவந் தழுவி மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்புவித்தான் எனச் சூளவம்சம் கூறும். அதனைப் பிக்குகளுக்கு மீட்டளித்தவன் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782). தென்னாட்டு நாயக்கர் மரபில் வந்தவனே இதனைச் செய்தான் என்பது கருதத்தக்கது.

இன்று மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை, நல்லதண்ணி வழியே தோட்டத் தமிழரும் சிங்கள மக்களும் ஒரே படிகளில் ஏறுகின்றனர்.