வருடத்துக்குக் கீழே ஒரு புள்ளி

சென்னையில் தங்கசாலைத் தெரு இன்னும் இருக்கிறது. அங்கே காசு அடிப்பது 1869-லேயே நின்றுபோனது. குடியரசு இந்தியாவின் காசுகளில் மதராஸ் முத்திரை இல்லாதது எனக்கு இன்றும் ஒரு குறைதான். காசு சேர்ப்பவர்கள் ஒரு நாணயத்தை வாங்கியதும் முதலில் வருடத்துக்குக் கீழேதான் பார்ப்போம்; எந்த மின்டில் அடித்தது என்று சொல்லும் குறி அங்கேதான் இருக்கும். சின்ன வைரம் என்றால் பம்பாய், நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் 1988-ல் தொடங்கிய நொய்டா. ஒன்றுமே இல்லையா, கல்கத்தா.

சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டிலும் அடித்து வாங்கினார்கள். 1985 ஒரு ரூபாயில் 'எச்' இருந்தால் அது பர்மிங்ஹாம் ஹீட்டன் மின்ட். தொண்ணூறுகளின் கடைசியில் மெக்சிகோ, மாஸ்கோ, ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா என்று பட்டியல் நீண்டது. கண்டக்டர் பையில் குலுங்கிய ஒரு ரூபாய் மெக்சிகோவில் பிறந்ததாகவும் இருக்கலாம்! ஒரே வருடம், ஒரே ரூபாய். ஆனால் ஒரு மின்ட் அடித்துக் குவித்திருக்கும், இன்னொன்று கொஞ்சமாக அடித்திருக்கும். விலை அங்கே பிரிகிறது.

பிறகுதான் காசின் நிலை. 1957 ஏப்ரல் 1-ல் வந்த நயா பைசாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்கலம். புழங்கப் புழங்க முதலில் மழுங்குவது சிங்கத்தின் பிடரிமயிர். மின்டின் பையை விட்டு வெளியே போகாத காசில் அந்த மயிர் இழை இழையாகத் தெரியும். விளக்கடியில் சாய்த்தால் ஒளி சக்கரம்போலச் சுழலும். அந்தச் சுழற்சியைத்தான் நம் வீடுகளில் புளி போட்டுத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். தேய்த்த காசு வெளிறிய இளஞ்சிவப்பாகிவிடும், லென்ஸில் மெல்லிய கீறல்கள் தெரியும். மின்ட் தந்த மேல்தோல் போனால் போனதுதான். பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

சேர்ப்பவர்களுக்கென்றே அடிக்கும் புரூஃப் காசு இன்னும் நுட்பமானது. அச்சையும் வெற்று உலோக வில்லையையும் மெருகேற்றி, ஒரு முறைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். பின்புலம் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்தாலே விலை இறங்கும். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

தாமரை போட்ட 20 பைசாவில் தங்கம் இருக்கிறது என்று நம்பி 108 சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைத்த வீடுகள் பல. தங்கம் ஒரு துளியும் கிடையாது. செம்பு அதிகமுள்ள கலப்பு உலோகம். 1968 முதல் 1971 வரை ஏராளமாக அடித்தது. குத்துவிளக்கோடு சேர்த்து வாராவாரம் துலக்கிய காசுகள் என்பதால் தாமரை இதழெல்லாம் ஒன்றாகிக் கிடக்கும். சாமி படம் போட்ட ஐந்து ரூபாய் லட்சத்துக்குப் போகும் என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு விற்பனையில் கமிஷன் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. வீட்டு டப்பாவில் பழைய காசு இருந்தால் கழுவாமல், துடைக்காமல், அழுக்கோடு அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள்.