கட்டி கரைந்தது, ஆயுள் நீண்டதா?

நச்சுயிரி என்றதும் நம் நினைவுக்கு வருவது நோய். கதிரியக்கம் என்றதும் நினைவுக்கு வருவது இரோசிமா. இவ்விரண்டையும் ஒரே மனிதனின் உடலுக்குள் செலுத்தி, அவனைப் புற்றுநோயிலிருந்து மீட்கப்போகிறேன் என்று ஒருவன் முன்வந்தால், அவனைப் பித்தன் என்றே ஊர் சொல்லும். ஆயினும் அந்த முயற்சி நடந்தது. ஓர் அரசு அதனை மருந்தென ஏற்று முத்திரையும் வைத்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் புகுகின்றோம். வியந்து நிற்பதற்கன்று, சான்று எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று அளந்து பார்ப்பதற்கு.

கதிர் முன்னே வந்தது. 1895 இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1898 இல் பாரிசில் கியூரி இணையர் ரேடியத்தைக் கண்டனர். சில ஆண்டுகளுக்குள்ளாகவே மருத்துவர்கள் அக்கதிர்களைக் கட்டிகளின்மீது பாய்ச்சத் தொடங்கிவிட்டனர். நச்சுயிரியோ குற்றவாளியாகவே அரங்கேறிற்று. 1911 இல் நியூயார்க்கில் பெய்ட்டன் ரௌஸ் என்பார், கோழியின் புற்றுக்கட்டியை அரைத்து, உயிரணு எதுவும் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிக்கு ஏற்றினார். அதற்கும் புற்று வந்தது! வடிகட்டியைக் கடந்தது நச்சுயிரி. அன்று பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது 1966 இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.

இரண்டையும் இணைத்த பாலம் ஒரு புரதம். 1979 இல், புற்று விளைக்கும் ஒரு குரங்கு நச்சுயிரியை ஆராய்ந்தவர்கள், அதன் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்றொரு புரதத்தைக் கண்டனர். பி53 என்ற பெயர் அதற்கு நிலைத்தது. கள்வனோடு கூடி நின்றவன் கள்வனே என்பதுபோல, இதுவும் புற்றை வளர்ப்பது என்றே கருதினர். பத்தாண்டுகள் அந்தக் கருத்து ஆட்சி செலுத்திற்று. 1989 இல் உண்மை தலைகீழாயிற்று: முன்னர் ஆய்வுக்கு எடுத்தது பழுதுபட்ட வடிவம், பழுதற்ற பி53 புற்றைத் தடுக்கும் காவலன்! பத்தாண்டு நம்பிக்கையை ஆராய்ச்சியாளர் தம் கையாலேயே குழிதோண்டிப் புதைத்தனர். நாம் போற்றத்தக்க பண்பு இது.

அந்தக் காவலன் செய்வது யாது? கதிர் பாயும்போது உயிரணுவுக்குள் இருக்கும் மரபு இழை அறுபடுகிறது. உடனே பி53 எழுந்து, பிளவுறுதலை நிறுத்துகிறது. இழையைச் செப்பனிட இயலுமாயின் செப்பனிட விடுகிறது. இயலாதாயின், "மடிந்துபோ" என உயிரணுவுக்கு ஆணையிடுகிறது. மனிதர்க்கு வரும் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் இந்தக் காவலன் செயலிழந்து கிடக்கிறான். அத்தகைய உயிரணு, இழை அறுந்த பின்னும் ஆணையிடுவார் இன்றித் தப்பிப் பிழைக்கக்கூடும். அங்கே பழுதற்ற பி53 மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், கதிருக்கு அது பணியாதோ என்று எண்ணினர். சுமந்து செல்ல ஆள் வேண்டுமே! சளி உண்டாக்கும் அடினோவைரஸைப் பிடித்தனர். பெருகுவதற்குரிய அதன் மரபணுவை நீக்கி, அவ்விடத்தில் பி53 ஐ வைத்துக் கட்டினர்.

இடையிலே ஒரு சாவு நிகழ்ந்தது. 1999 செப்டம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வேறொரு பரம்பரை நோய்க்காக அடினோவைரஸ் ஏற்றப்பட்ட 18 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மரபணு மருத்துவத்தின்மீது கரிய நிழல் படிந்தது.

அந்த நிழல் கலையுமுன்னே, 2003 அக்டோபரில், சீன அரசு ஜென்டிசின் என்ற மருந்துக்கு ஒப்புதல் வழங்கிற்று. ஷென்சென் நகரில் உருவான அது, பி53 சுமந்த அடினோவைரஸ்தான். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்கு வாரம் ஒருமுறை கட்டியிலேயே ஊசி, கூடவே கதிர். விற்பனைக்கு வந்த முதல் மரபணு மருந்து என உலகம் பேசிற்று. கதிர் மட்டும் பெற்றவர்களில் 19 விழுக்காட்டினர்க்கே கட்டி முற்றிலும் மறைந்தது. இரண்டும் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர்க்கு மறைந்தது என்று அறிவித்தனர். வெளிநாட்டு நோயாளிகளும் சீனத்துக்குப் பறந்தனர்.

கட்டி மறைந்தது, சரி. மனிதன் எத்தனை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தான்? ஒப்புதலுக்கு அடிப்படையானது கட்டியின் அளவே, ஆயுளின் அளவன்று. மேலைநாட்டு அறிஞர் எழுப்பிய கேள்வி இது. பொறாமையால் எழுப்பினர் என்று சிலர் சொல்லலாம். கேள்வி சரியானதாயின் கேட்டவன் உள்ளத்தை ஆராய்ந்து ஆவதென்ன?

விடையின் ஒரு பகுதி 2009 இல் கிடைத்தது. தென்சீனத்தில் மிகுதியாகக் காணப்படுவது மூக்கின் பின்புறத் தொண்டையில் தோன்றும் புற்று. அந்நோயுற்ற 82 பேரைச் சீன மருத்துவர்கள் இரு பிரிவாக்கி ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு அது. ஐந்தாண்டுக்குப் பின், நோய் தோன்றிய இடத்திலேயே அடங்கிக் கிடந்தவர்களின் விழுக்காடு, நச்சுயிரியும் பெற்ற பிரிவில் 25.3 கூடுதல். இது நல்ல பயனே, மறைக்கமாட்டோம். ஆனால் உயிரோடிருந்தவர்களின் விழுக்காட்டில் 7.5 மட்டுமே கூடுதல். நாற்பது பேர் கொண்ட பிரிவில் அது மூவர் அளவு. மருந்தில் பயனே இல்லாதிருந்தாலும், இத்தனை பெரிய வேறுபாடு மூன்று முறையில் ஒருமுறை தற்செயலாகவே தோன்றிவிடும் என்கிறது அந்த ஆய்வின் கணக்கு. ஆகவே ஆயுள் நீண்டது என்று அதைக் கொண்டு சொல்வதற்கில்லை.

காரணம் அழகாக இருப்பதால் மட்டும் பயன் விளைந்துவிடாது என்பதைச் சிகாகோவில் பிறந்த மற்றொரு முயற்சி காட்டிற்று. கதிர் பட்டால்தான் விழித்தெழும் மரபணுவை நச்சுயிரியில் ஏற்றினர். கதிர் விழும் கட்டியில் மட்டும் மருந்து சுரக்கும், மற்ற உறுப்புகள் தப்பும். எத்துணை நுட்பம்! கணையப் புற்றுநோயாளர் 304 பேரிடம் சோதித்தனர். ஊசி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் நடு அளவான ஆயுள் ஒன்றே: 10 மாதம். 2010 இல் அந்த முயற்சி நிறுத்தப்பட்டது.

2024 டிசம்பரில் வேறொரு முடிவு வெளிவந்தது. அமெரிக்காவில் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக் கொண்ட 745 ஆடவர், எல்லார்க்கும் கதிர். மூவரில் இருவர்க்கு அடினோவைரஸ் ஊசி. ஒருவர்க்கு வெற்று ஊசி. அந்த நச்சுயிரி சுமந்தது, பின்னர் விழுங்கும் மாத்திரையைக் கட்டிக்குள் நஞ்சாக மாற்றும் மரபணு. எவர்க்கு எந்த ஊசி என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். மூடிய பட்டியலைத் திறந்து பார்த்தபோது, நோய் மீளுதல் அல்லது சாவு நேருதல் நச்சுயிரி பெற்றவர்களிடம் 30 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயுள் நீண்டது என்று அந்த முடிவும் சொல்லவில்லை. அதற்கு, அந்த 745 பேரின் வாழ்நாளை இன்னும் பல ஆண்டுகள் எண்ணியாக வேண்டும்.