மூலத்தை வாசிக்கத் தெரிந்தவர்: பண்டைய வரலாற்று ஆசிரியர் நியமனமும் புதுக்கோட்டைச் சான்றும்

1898-இல், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. அந்த வெட்டு எதற்காக என்பது நாணயவியலில் நெடுநாள் விவாதப் பொருள். ஆனால் அந்த விவாதம் தொடங்குவதற்கு முன், காசின் விளிம்பைச் சுற்றி ஓடும் சுருக்க வடிவ இலத்தீனைப் படித்து, இது இன்ன பேரரசரின் காசு, இன்ன காலத்தது என்று ஒருவர் பிரித்துச் சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜி. எஃப். ஹில், அவர் கட்டுரை இலண்டனில் வெளிவந்தது. மண் இங்கே, வாசிப்பு அங்கே என்ற அன்றைய நிலைக்குக் காலனியாட்சியைக் காரணம் காட்டலாம். இன்று நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பண்டைய வரலாற்றுக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது மூலத்தை வாசிக்கும் திறனைச் சோதிக்காமல் விடுவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. அந்தத் திறனை நியமனத்தின் நடுவில் வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாசிப்பு என்பது வரலாற்றாசிரியருக்கு வேறொருவர் செய்து தரக்கூடிய துணைவேலை அன்று. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஒகரக் குறில் நெடில்களுக்குத் தனி வடிவமும் கிடையாது. ஆகவே கல்லில் ஒரே வடிவில் நிற்கும் ஒரு சொல்லைக் ‘கொல்’ என்றும் படிக்கலாம், ‘கோல்’ என்றும் படிக்கலாம். நில விற்பனை ஆவணமானால் அது நிலம் அளந்த கோல்; போர்ச் செய்தியானால் கொலை. எதைக் கொள்வது என்று முடிவு செய்பவர் மொழியை மட்டுமல்ல, அந்த ஊரின் நில உரிமையையும் வரியையும் சேர்த்தே எடைபோடுகிறார். இதே மாவட்டத்துக் குடுமியான்மலையின் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டுக்குக் கிரந்த எழுத்தும் வடமொழியும் இசையிலக்கணமும் வேண்டும். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துத் தமிழ்ப் பிராமிக்கு வேறொரு பயிற்சி வேண்டும். அதே குன்றின் அறிவர் கோயிலில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டோ இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியரின் திருப்பணியைச் சொல்கிறது. ஒரே குன்றில் ஏறி இறங்குவதற்குள் பல நூற்றாண்டுகளின் எழுத்து மாற்றத்தைக் கண்ணால் காட்டலாம், காட்ட ஓர் ஆசிரியர் இருந்தால்.

அப்படி ஒரு மரபு புதுக்கோட்டைக்குப் புதிதல்ல. 1880-இல் கல்லூரியாக உயர்ந்த மன்னர் கல்லூரியின் முதல்வர் எஸ். இராதாகிருஷ்ண ஐயர்தான் 1916-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் பொது வரலாற்றை எழுதினார். 1910-இல் அருங்காட்சியகம் அமைந்தது. 1929-இல் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் அரச மரபு வாரியாக அச்சேறியது. கல்லூரி, காட்சியகம், பதிப்பு ஆகிய மூன்றும் ஒரே ஊரில் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1914-இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், 1929-இல் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியும் அமர்ந்த பேராசிரியர் பதவியின் பெயரே ‘இந்திய வரலாறும் தொல்லியலும்’. இன்று பணி விளம்பரத்தில் ‘வரலாறு’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் நிற்கிறது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் வரலாற்றுப் பாடத்திட்டம் சான்றுகளில்தான் தொடங்குகிறது. ஆனால் மூன்று மணி நேரத்தில் 150 கொள்குறி வினாக்களுக்கு விடை குறிப்பவர், குடுமியான்மலைக் கல்வெட்டின் நூற்றாண்டைச் சொன்னால் போதும், அதன் ஓர் எழுத்தையும் கண்டிருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் கல்லூரி உதவிப் பேராசிரியர் பட்டியலுக்கான 100 மதிப்பெண்ணில் ஆய்வு வெளியீட்டுக்கு 6 தருகின்றன. அதுவும் நேர்முகத்துக்கு அழைப்பதற்கு மட்டுமே, இறுதித் தேர்வு நேர்முகத்தின் அடிப்படையில். பட்டமும் தாள் எண்ணிக்கையும் கணக்கில் வருகின்றன. கல்லின் முன் அமர்ந்த நேரம் எங்கும் கணக்கில் வருவதில்லை.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது சமூக நீதி பற்றியது. பணியிடங்களைச் சிறு சிறு துறைகளாகப் பிரித்தால் இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சி முறை குலையும். ஒற்றைப் பணியிடத்தில் இடஒதுக்கீடு நிற்காது. இது வெறும் அச்சமல்ல. இடஒதுக்கீட்டுக்குத் துறையையே அலகாகக் கொள்ளும் 2017-ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பையொட்டி மானியக் குழு பிறப்பித்த ஆணை நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பி, கடைசியில் 2019-இல் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்குத் தனிச் சட்டமே வர வேண்டியிருந்தது. ஆகவே பணியிடத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை. பணியிடம் ‘வரலாறு’ என்றே இருக்கட்டும், சுழற்சியும் அப்படியே இருக்கட்டும்; பண்டைய காலத்தைச் சிறப்புப் பாடமாகக் கொள்பவருக்கு மட்டும் மூல வாசிப்பை ஒரு தாளாக வைக்கலாம். பழைய எழுத்தும் வடமொழியும் சில குடும்பங்களின் வழிவழிச் சொத்து என்ற ஐயமும் உண்டு. வடமொழியைப் பொறுத்தவரை அந்த ஐயத்துக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. வட்டெழுத்தும் தமிழ்ப் பிராமியும் அப்படியல்ல, எந்த வீட்டிலும் அவை புழக்கத்தில் இல்லை. எல்லோரும் முதல் எழுத்திலிருந்தே கற்கிறார்கள். இந்த மாவட்டத்தில் கல்வெட்டு தேடிப் படி எடுத்து வாசிப்பவர்களில் பள்ளி ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் இருப்பதே அதற்குச் சான்று. வாசிப்பைத் தகுதியாக்கினால் அரசு அதற்கான பயிற்சியைப் பொதுவில் தர வேண்டிய கடமையும் கூடவே வரும். அந்தக் கடமையை ஏற்பதுதான் நீதி. தகுதியை விட்டுவிடுவதில் நீதி இல்லை.

இளங்கலை மாணவருக்கு எதற்கு இவ்வளவு, எல்லாக் காலத்தையும் நடத்தக்கூடிய பொது ஆசிரியர் போதாதா என்பார்கள். இதே மாவட்டத்தின் பொற்பனைக்கோட்டையில் 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, பக்கத்துக் கல்லூரி மாணவருக்கு அது செய்தித்தாள் செய்தியா, பாடமா என்பதைத் தீர்மானிப்பவர் அவருடைய ஆசிரியரே. பத்தாண்டாகக் கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த தொகுப்பூதியத்தில் எல்லாத் தாள்களையும் சுமப்பவர், பிராமி கற்கவில்லை என்று குறை சொல்லப்படத் தக்கவரும் அல்லர். அவருக்கு நிரந்தரப் பணியும், கற்க ஒரு விடுப்பும் வேண்டும். சோதனை அதற்குப் பின்புதான்.

தனி விருப்புவெறுப்புக்கு இடம்கொடுக்கும் என்று நேர்முகத்தின்மேல் உள்ள சந்தேகத்துக்கும் இந்த மூல வாசிப்புத் தாளே நல்ல மாற்று. இதுவரை அச்சேறாத ஒரு கல்வெட்டின் மைப்படி, ஒரு மணி நேரம், பெயரில்லாத விடைத்தாள். படிக்கப்பட்ட எழுத்து, சொற்பிரிப்பு, ஆட்சியாண்டுக் கணிப்பு, நான்கு வரி விளக்கம் ஆகியவற்றைத் தேர்வர் யாரென்று அறியாமலேயே இருவர் தனித்தனியே திருத்தலாம். ஒன்றை மட்டும் திருத்துவோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கல் சிதைந்த இடத்தில் ஊகத்தை எழுதி நிரப்பிய தாளைவிட, புள்ளிகளிட்டு வெற்றிடம் விட்ட தாளுக்கே கூடுதல் மதிப்பெண்.