கொடைக்கானலுக்குப் போன ஷெல்டன் கடிகாரம்

லண்டன் ஷூ லேன் தெருவில் ஜான் ஷெல்டன் என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார். 18ஆம் நூற்றாண்டில் வானம் பார்க்கக் கப்பலேறிய பலரோடும் அவர் செய்த கடிகாரம் ஒன்று கூடவே போயிருக்கிறது. 1761இல் நெவில் மாஸ்கலினோடு செயின்ட் ஹெலினா தீவுக்குப் போனது ஒன்று. 1769இல் கேப்டன் குக்கோடு தாஹிட்டிக்குப் போனது ஒன்று. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று சென்னைக்கும் வந்து சேர்ந்தது. தாஹிட்டி பயணத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. சென்னைக்கு வந்ததைப் பற்றி நாமும் பெரிதாகப் பேசியதில்லை.

அன்றைய சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். சரக்கெல்லாம் மசூலா படகில் ஏறி, அலையில் தூக்கிப் போடப்பட்டுத்தான் கரை சேரும். இரும்புச் சாமான் என்றால் கவலையில்லை. வந்ததோ ஊசல் கடிகாரம். வெயிலில் உலோகம் நீண்டால் ஊசலும் நீளும், கடிகாரம் பிந்தும் என்பதற்காக, பித்தளைக் கம்பியும் எஃகுக் கம்பியும் மாறி மாறிக் கோத்து ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடுகட்டும்படி செய்த ஊசல் அது.

வெயிலுக்கு ஷெல்டன் வழி செய்துவிட்டார். புவியீர்ப்பைச் சென்னையில்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறையும், ஊசல் மெதுவாக ஆடும். லண்டனில் துல்லியமாக ஓடிய கடிகாரத்தை அப்படியே சென்னையில் மாட்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிந்திவிடும். ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான நீளமுள்ள ஊசலில் சுமார் மூன்று மில்லிமீட்டர் குறைத்தால் சரியாகிவிடும்.

சென்னையில் வானாய்வகம் தொடங்கியது அரசாங்கமல்ல. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி, எழும்பூரில் தன் சொந்தச் செலவில் இரும்பும் மரமுமாக ஒன்றை எழுப்பினார். வானம் பார்த்ததற்கு அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை. இன்றைய பேச்சில் அமெச்சூர். மூன்று அங்குலத் தொலைநோக்கிகள் இரண்டு, ஊசல் கடிகாரங்கள் இரண்டு (ஷெல்டனுடையது அவற்றில் ஒன்று), விண்மீன் உச்சிக்கோட்டைக் கடப்பதைப் பார்க்கும் கருவி ஒன்று, இவைதான் சொத்து. மூன்று அங்குலம் என்பது இன்று பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரும் தொலைநோக்கியின் அளவு. 1790இல் கம்பெனி பொறுப்பேற்றது. 1792இல் அதன் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பி, நடுவில் ஒரு கருங்கல் தூணை நிறுத்தி, ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களுக்கும் சேதி தெரியட்டும் என்று தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டிவைத்தார். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் உள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் செய்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையில் வெட்டிவைத்து ஆயிரம் ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. கருங்கல்லை நம்பியதில் டாப்பிங்குக்கு அவன் மூத்தவன்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? கப்பல். சோழமண்டலக் கரையின் தீர்க்கரேகை சரியாகத் தெரியாமல் வரைபடமும் இல்லை, பத்திரமான பயணமும் இல்லை. அதற்கு வானத்தில் ஒரு பொதுக் கடிகாரம் வேண்டும். அது வியாழன். 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலாக்களும் மாறி மாறி வியாழனின் நிழலுக்குள் நுழைந்து மறைகின்றன. உள்ளே இருக்கும் அயோ கோளைச் சுற்றிவர 42½ மணி நேரமே எடுக்கும். சுற்றுக்கு ஒரு மறைவு உறுதி. லண்டனில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் அது ஒரே கணத்தில் நடக்கிறது, சுவரில் காட்டும் மணிதான் வேறு. கிரீன்விச் நேரப்படி எப்போது மறையும் என்பது 1767 முதல் ஆண்டுதோறும் அச்சான கடற்பயணப் பஞ்சாங்கத்தில் இருந்தது. சென்னை நேரம் ஊசலிடம் இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை.

ஆகவே கடிகாரத்தின் வேலை எளிமையானது, ஆனால் பிசகக் கூடாதது. விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது அதன் ஓட்டத்தைச் சரிபார்ப்பார்கள். பிறகு கண்ணைத் தொலைநோக்கியிலும் காதை ஊசலின் டிக் ஒலியிலும் வைத்து, அயோ காணாமல் போகும் விநாடியை எண்ணுவார்கள். 1796இல் டாப்பிங் இறந்தபின் ஜான் கோல்டிங்ஹாம் அந்த இடத்துக்கு வந்தார். 1802இல் சென்னையின் தீர்க்கரேகை 80° 18′ 30″ என்றானது. நேரமாகச் சொன்னால் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். இதுதான் ‘மெட்ராஸ் டைம்’. ரயில்கள் பல்லாண்டு காலம் இந்தக் கணக்கில் ஓடின. 1906இல்தான் 82½ பாகையை ஒட்டிய இந்திய நேரம் வந்தது.

இந்த எண்ணை இன்றைய வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நுங்கம்பாக்கம் உண்மையில் 80° 15′க்குச் சற்றுக் குறைவு. 1802இன் எண்ணோ சேப்பாக்கத்தையும் மணலையும் தாண்டி, வானாய்வகத்தை வங்கக் கடலுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. ஆறு கிலோமீட்டருக்கு மேல் பிசகு. நேரத்தில் பதினைந்து விநாடிக்கும் குறைவு. பின்னாளில் 80° 17′ 21″ என்று திருத்தியபோது கிட்டத்தட்டக் கரையேறியது. அதே 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவைக்கும் தீர்க்கரேகை சென்னையிலிருந்தே எண்ணப்பட்டது. சென்னை கிழக்கே நகர்ந்தால் அதை நம்பி வரைந்த திண்டிவனமும் விழுப்புரமும் மண்டகப்பட்டும் சேர்ந்தே நகரும்.

பழியை ஊசல்மேல் போட முடியாது. அயோ விளக்கை அணைத்தது போல மறைவதில்லை. 3,640 கி.மீ. அகலமான நிலா, விநாடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் நிழலுக்குள் போகிறது. முழுதும் உள்ளே போக மூன்றரை நிமிடம். அதுவரை மங்கிக்கொண்டே இருக்கும். சின்னத் தொலைநோக்கி சீக்கிரம் தொலைத்துவிடும், பெரியது கடைசி வரை பிடித்திருக்கும். வெளிவரும்போது தலைகீழ். நான்கில் இன்னொன்றான கானிமீட் முழுதும் மறைய எட்டு நிமிடம் போல ஆகும். பஞ்சாங்க அட்டவணைகளிலும் அக்காலத்தில் விநாடிகள் முன்பின்னாகத்தான் இருந்தன. இத்தனைக்கும் நடுவில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது கடிகாரம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு மாறியது. கடிகாரமும் கடைசியில் மலையேறியது. 2,300 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு இன்னும் கொஞ்சம் குறைவு. சென்னையில் சரியாக ஓடிய ஊசல் அங்கே நாளுக்கு 20 விநாடிக்கு மேல் பிந்தும், மறுபடி ஊசலைக் குறைத்தாக வேண்டும். அங்கே போய்ச் சூரியன் பார்க்கும் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பராமரிப்பில் அது இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது.

பெட்ரி செய்ததை இன்று யாரும் செய்யலாம். மண்டகப்பட்டுப் பக்கம் மூன்று அங்குலத் தொலைநோக்கியோடு போகிறவருக்குத் தீர்க்கரேகை தேவையில்லை. 79½ பாகைக்குச் சற்று மேற்கே நிற்கிறோம் என்று கைபேசியே சொல்லிவிடும். மறைவு நேரமும் இப்போது விநாடிக் கணக்கில் முன்கூட்டியே கிடைக்கிறது. இடமும் நேரமும் தெரிந்துவிட்டதால் கணக்கு திரும்பிவிடுகிறது: மிஞ்சும் வித்தியாசம் உங்கள் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் உரியது. வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வருவதற்கு ஓரிரு மாதம் முன்னால் என்றால் அயோ கோளின் மேற்கே மறைவதைப் பார்க்கலாம். அதன் பின்னால் என்றால் கிழக்கே, ஒன்றுமில்லாத இருட்டிலிருந்து புள்ளியாக வருவதை. இரண்டு பேர் இரண்டு அளவுத் தொலைநோக்கிகளோடு போவது நல்லது. பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் காதில் வாங்காமல் தனித்தனியே நேரம் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் கத்தியவரின் விநாடியையே மற்றவரும் எழுதிவிடுவார்.