உறைதல்

கொடைக்கானலில் சனவரி இரவொன்றில் ஏரிக்கரைப் புல் உறைந்து வெளுத்துவிடும். அதே இரவில் அடுப்படியில் உறை ஊற்றிய பால் விடிந்தும் உறையாமல் பாலாகவே கிடக்கும். புல்நுனிப் பனிக்குக் குளிர் வேண்டும், தயிரின் நுண்ணுயிருக்கு வெதுவெதுப்பு வேண்டும். எதிரெதிரான இரண்டுக்கும் ஒரே வினை எப்படிப் பொருந்துகிறது? 'உறை'யின் பொருளில் குளிரே கிடையாது என்பதுதான் என் விடை. ஓடியது நின்று இறுகினால் உறைந்தது, அவ்வளவே. இரத்தம் உறைவதும் அப்படித்தான். உறைபனியில் பெரும்பகுதி நீராகாமல் ஆவியிலிருந்து நேரே படிகமாவதால் அச்சொல் பிழை என்பவர்கள், பாடநூலின் 'உறைநிலை'யைக் கொண்டு பழஞ்சொல்லை அளக்கிறார்கள்.

தங்குதல் என்ற பொருளிலும் 'உறை' உண்டு. இரண்டும் ஒரே வேரா என்றால், ஒலி ஒற்றுமை மட்டும் சான்றாகாது. ஆனாலும் நீரின் குளிர்வு வரைகோடு 0 டிகிரி செல்சியஸில் கிடையாகத் தங்கத்தான் செய்கிறது. கிராமுக்குச் சுமார் 334 ஜூல் வெளியேறி, கடைசிச் சொட்டும் கட்டியாகும்வரை வெப்பநிலை இறங்காது. அந்த வெப்பத்துக்கு ஜோசப் பிளாக் வைத்த பெயருக்கு 'மறைந்தது' என்று பொருள். நம் பாடநூலில் அது 'உள்ளுறை வெப்பம்', தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமத்தில் உள்ள அதே சொல். ஒளிந்திருப்பதாகச் சொல்வதைவிடக் குடியிருப்பதாகச் சொல்வது எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது.