மூலக்கூறின் வலம் இடம் காட்டும் அகச்சிவப்பு முறை

அதிர்வு வட்ட இருநிறமை என்பது, ஒரு கைரல் மூலக்கூறு வலக்கை வடிவமா இடக்கை வடிவமா என்பதை அகச்சிவப்பு ஒளியின் துணையால் கண்டறியும் முறை ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு வி.சி.டி. என்றும் அழைப்பர். 1974இல் இது அளக்கப்பட்டது. அளந்ததைப் படித்துப் பொருள் சொல்வதற்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

முன்வரலாறு

இடக்கால் செருப்பு வலக்காலுக்குப் பொருந்தாது. அதுபோலத் தன் ஆடிப் பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறே கைரல் மூலக்கூறு. 1848இல் லூயி பாஸ்டர், டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் பார்த்து, இடுக்கியால் இரு குவியலாகப் பிரித்தார். ஒன்றின் கரைசல் முனைவுற்ற ஒளியை வலப்புறமும், மற்றது இடப்புறமும் சுழற்றின. 1874இல் வாண்ட் ஹாஃப், லெ பெல் இருவரும் தனித்தனியே, கார்பனின் நான்கு பிணைப்புகள் நான்முகி வடிவில் அமைவதே இதற்குக் காரணம் என்றனர்.

ஆனால் தாளில் வரையும் இரு படங்களில் எந்தப் படம் எந்தக் குப்பிக்கு உரியது? இதை யாராலும் சொல்ல முடியவில்லை. சர்க்கரைகளை ஆராய்ந்த எமில் ஃபிஷர், இரண்டில் ஒன்றைத் தாமாகவே ஏற்றுக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து வரைந்தார். சரியாக இருக்க வாய்ப்பு சரிபாதி. 1951இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பைஃபூட் குழுவினர் எக்ஸ் கதிர் ஆய்வால் அந்த ஊகம் சரி என்று நிறுவினர். தவறாகியிருந்தால் பாடநூல்களில் உள்ள அத்தனை சர்க்கரை, அமினோ அமிலப் படங்களையும் திருப்பி வரைய வேண்டியிருந்திருக்கும்!

எக்ஸ் கதிர் முறைக்கு நல்ல படிகம் தேவை. எண்ணெயாகவே நிற்கும் பொருள்களுக்கு அது உதவாது. ஒளியைச் சுழற்றும் திசையை மட்டும் வைத்து வடிவத்தைச் சொல்லவும் இயலாது. வலமாகச் சுழற்றும் லாக்டிக் அமிலத்தை, கைவடிவம் மாறாமல் மெத்தில் எஸ்டராக்கினால் அது இடமாகச் சுழற்றும். மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது.

அளவீடு

மூலக்கூறின் பிணைப்புகள் நீள்வதும் வளைவதுமாக அதிர்கின்றன. அதற்கேற்ப அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகின்றன. சாதாரண அகச்சிவப்பு நிறமாலை இரு கை வடிவங்களுக்கும் ஒன்றே. ஒளிக்கும் ஒரு கைத்தன்மை இருந்தால்தான் வேறுபாடு தெரியும். வலவட்டமாகவும் இடவட்டமாகவும் முனைவுற்ற ஒளியை மாறி மாறிச் செலுத்தினால், உறிஞ்சலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முதல் லட்சத்தில் ஒரு பங்கு வரையிலான வேறுபாடு கிடைக்கும். ஒரு வடிவத்துக்கு அது நேர்க்குறி என்றால், அதே அதிர்வில் மற்றதற்கு எதிர்க்குறி.

இவ்வளவு சிறிய வேறுபாட்டை ஜார்ஜ் ஹோல்ஸ்வர்த் குழுவினர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு புளூரின் ஆல்கஹாலின் கார்பன்–ஹைட்ரஜன் அதிர்வில் கண்டனர். மறு ஆண்டே தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நாஃபி, செங், பிலிப் ஸ்டீபன்ஸ் ஆகியோர் அதை உறுதிப்படுத்தினர். ஒரு படிகத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அழுத்தித் தளர்த்தி, அதன் வழியே செல்லும் ஒளியை வலம் இடமாக மாற்றும் கருவியே இதற்கு அடிப்படை. 1979இல் நாஃபி இதை ஃபூரியர் உருமாற்ற நிறமாலைமானியோடு இணைத்தார்.

கணக்கீடு

வளைகோடு கிடைத்தது. ஆனால் அது எந்தக் கை? இதற்குக் கோட்பாட்டில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வேதியியலார் வழக்கமாகக் கையாளும் பார்ன்–ஓப்பன்ஹைமர் தோராயத்தில், அதிர்வின்போது எலக்ட்ரான்கள் உண்டாக்கும் காந்த விளைவு பூச்சியமாகிவிடும். கருவி காட்டிய வேறுபாட்டில் எலக்ட்ரான்களின் பங்கைச் சூத்திரம் தவறவிட்டது. 1985இல் ஸ்டீபன்ஸ், காந்தப் புலத்தில் எலக்ட்ரான் அலைச்சார்பு எப்படி மாறுகிறது என்பதைக் கணக்கிட்டு அந்தத் தடையைக் கடந்தார். 1994இல் அவரும் டெவ்லின், சாபலோவ்ஸ்கி, ஃபிரிஷ் ஆகியோரும் ஒரு சிறு வளைய மூலக்கூறின் நிறமாலையை அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டால் கணக்கிட்டு, சோதனையோடு ஒப்பிட்டனர். வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. மேற்கோள் காட்டுவோரில் பெரும்பாலோருக்கு வி.சி.டி.யோடு தொடர்பே இல்லை, அதில் கையாண்ட கணக்கீட்டு முறைதான் வேண்டும் என்பது வேடிக்கை.

இன்று ஒரு கை வடிவத்தைக் கணினியில் வரைந்து நிறமாலையைக் கணக்கிடுகின்றனர். அளந்த கோட்டின் குறிகள் அதோடு ஒத்தால் அந்தக் கை, தலைகீழானால் மற்றது. படிகம் தேவையில்லை, கரைசல் போதும்.

மருந்துத் துறைக்கு இது எவ்வளவு வேண்டியது என்பதற்குத் தாலிடோமைடைச் சொல்வர். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஊனமாக்கிய மருந்து அது. நல்ல கையை மட்டும் கொடுத்திருந்தால் தீங்கு நேர்ந்திராது என்று பல நூல்கள் எழுதுகின்றன, அது சரியன்று. உடலுக்குள் ஒரு வடிவம் மற்றதாக மாறிவிடும். 1992இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கைரல் மருந்துகளுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்ட பின், கைவடிவத்தை உறுதிசெய்வது மருந்து நிறுவனங்களுக்கு அன்றாட வேலையாயிற்று. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வி.சி.டி.க்கெனவே தனிக் கருவி விற்பனைக்கு வந்தது.

பல வடிவங்களில் நெளியும் நீண்ட மூலக்கூறுகள் இம்முறைக்கு இன்றும் கடினமானவை. ஒவ்வொரு நெளிவுக்கும் தனியே கணக்கிட்டு, கரைசலில் அது எத்தனை பங்கு என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். நீரே அகச்சிவப்பை மிகுதியாக உறிஞ்சிவிடுவதால், குளோரோஃபார்ம், கன நீர் போன்ற கரைப்பான்களையே பெரும்பாலும் நாடுகின்றனர்.